ஒரே எண்ணுக்குள் பல திருச்சிகள்

1994-ல் திருச்சி மாநகராட்சி உருவானபோது ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதில் இணைந்தன. இன்று ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியும் அரியமங்கலம் குப்பைக் கிடங்கை ஒட்டிய தெருக்களும் ஒரே மாநகராட்சி. தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டம் முழுமைக்கும் சேர்த்து ரத்தசோகை இத்தனை சதவீதம் என்று சொல்லும். எந்தத் தெருவில் என்று சொல்லாது. அந்தத் தெருவைத் தேடிப்போவதுதான் மருத்துவச் சமூகவியலாளரின் வேலை.

சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்ணுக்கு மருத்துவர் மாத்திரை எழுதுகிறார். சரியான வைத்தியம்தான். ஆனால், வீட்டில் கழிப்பறை இல்லாமல், பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்பவர் என்றால், அவர் மறுபடியும் அதே வரிசையில் வந்து நிற்பார். பணம், படிப்பு, மதிப்பு, செல்வாக்கு ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வே நோய்க்கு அடிப்படைக் காரணம் என்று சமூகவியலாளர்கள் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் 1995-ல் எழுதினார்கள். ஒரு வழியை அடைத்தாலும் நோய் இன்னொரு வழியில் அதே வீட்டுக்கு வந்து சேரும்.

திருச்சியின் கல்மந்தைக் குடிசைப் பகுதி, கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை 2002-லேயே ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்தால் மட்டும் இது நடக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். இங்கே அந்தப் பகுதிப் பெண்களே முறைவைத்து வாசலில் உட்கார்ந்து காசு வாங்கினார்கள், நோட்டில் கணக்கு எழுதினார்கள், பராமரிப்பைக் கவனித்தார்கள். சாவி அவர்கள் கைக்குப் போனதுதான் என் பார்வையில் பெரிய மருத்துவம். கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முசிறிப் பகுதியில் சூழல் கழிப்பறைகளைப் பரப்பிய சுப்புராமனுக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்தது.

விருதோடு நின்றுவிடக் கூடாது. 2002-ல் கல்மந்தையில் பிறந்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்களின் உயரம், படிப்பு, வேலை, அவர்களுடைய தாய்மாரின் உடல்நிலை என எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிக்க ஒருவர் தன் பணிக்காலத்தையே தர வேண்டியிருக்கும். பிரிட்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்ததால்தான், பதவி இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடுவதை வைட்ஹால் ஆய்வால் காட்ட முடிந்தது. இரண்டு ஆண்டுத் திட்டங்களையும் கட்டுரை எண்ணிக்கையையும் வைத்துப் பதவி உயர்வு தரும் அமைப்பில் அப்படிப்பட்ட ஆய்வாளர் உருவாவது கடினம்.

பாரதிதாசன் பல்கலைக்கழகமும் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இத்தகைய நீண்டகால ஆய்வுக்கென ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, குறிப்பிட்ட தெருக்களை இருபது ஆண்டுகள் ஆய்வு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியோடு, அதைத் தினமும் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் தெருவும் இடம்பெற வேண்டும்.