புளியங்கொட்டையும் பெருக்கல் குறியும்

மாதத்தின் கடைசி வேலை நாளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் வரலாம் என்று 2024-ல் புதுச்சேரிக் கல்வித்துறை அறிவித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பத்து நாட்களை இப்படிப் பரிந்துரைத்திருந்தது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் நீட்டித்தது நல்ல செயல், வரவேற்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. மற்ற நாட்களில் நடப்பது படிப்பு, அன்று நடப்பது படிப்பிலிருந்து விடுப்பு என்று ஆசிரியரும் பெற்றோரும் புரிந்துகொள்கிறார்கள். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைக்குக் கையால் தொட்டு, அடுக்கி, கலைத்து விளையாடுவது பாடத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி, விளையாடியதை எண்ணாகவும் எழுத்தாகவும் பலகையில் கொண்டுவருவது. இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே நாளில், ஒன்றையொன்று தொட்டு நடக்க வேண்டும் என்பதே என் வாதம்.

விளையாட்டை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 2025-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விலையையும் எடையையும் மனக்கணக்காகவே போட்டு மீதிச் சில்லறை தரும் அந்தப் பிள்ளைகள், அதே அளவு கடினமான கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் ஓரளவு தேறி, சந்தைக் கணக்கில் திணறினார்கள். நம் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பெற்றோருக்குக் கைகொடுக்கும் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது. அதற்கும் முன்பு, 2017-ல், டெல்லி மழலையர் பள்ளிகளில் கணித விளையாட்டுகளைச் சோதித்த ஆய்வின் முடிவும் இதையொட்டியதுதான். அளவுகளை ஒப்பிடும் உள்ளுணர்வு விளையாட்டால் வளர்ந்து நிலைத்தது. ஆனால் பள்ளியில் எண் குறிகளைக் கொண்டு போடும் கணக்குக்கு அது தானாகத் தாவவில்லை. கைக்கும் குறிக்கும் நடுவே யாராவது பாலம் போட வேண்டும். அதைப் போட வேண்டியவர் ஆசிரியர்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லும்போதே பெருக்கல் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் குழியிலுள்ள ஐந்தையும் எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசிக் கொட்டை எட்டாம் குழியில் விழும். பன்னிரண்டாம் குழியிலிருந்து போட்டால்? பதினேழாவது குழி கிடையாது. சுற்றி வந்து மூன்றாம் குழியில் முடியும். இதைப் போட்டுப் பார்க்காமலே சொல்லும் பிள்ளை, கூட்டலும் மீதியும் கலந்த ஒரு கணக்கை மனத்தில் போட்டுவிட்டது. 23 கொட்டைகளைக் குழிக்கு ஐந்தாக நிரப்பினால் நான்கு குழி நிறைந்து மூன்று மிஞ்சும். வகுத்தல் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் விளையாடி முடித்த கையோடு '23 = 5 × 4 + 3' என்று அந்தப் பிள்ளையே பலகையில் எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் மீண்டும் சந்தைப் பிள்ளையின் கதைதான். பல்லாங்குழியைப் போலவே ஊரும் கைகொடுக்கும். செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் நம் வீதிகள் வரைபடம் கற்பிக்கக் கிடைத்த ஆயத்தப் பாடம். வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தக் களிமண்ணில் பிசைந்த உருண்டையும் உருளையும் பிள்ளைக்கு வெறும் படமாக நின்றுவிடாது.

"படிக்க அனுப்பினால் விளையாட விடுகிறார்களே" என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயம். புதுவை அரசுப் பள்ளிகள் 2024-25-ல் முழுமையாக சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு, "போர்ஷனை எப்போது முடிப்பது" என்ற ஆசிரியர்களின் பதற்றமும் நியாயம். ஆனால் முடித்த பாடம் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்திய ஊரகங்களில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டு அசர் (ASER) கற்றல் நிலை ஆய்வில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களுக்கும் நான்காண்டுப் பாடம் நடத்தி முடிக்கப்பட்டதுதான். புரியாமல் கடந்த பாடத்தை அடுத்த ஆண்டு மறுபடி நடத்துவதில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால், கொட்டை எண்ணும் அரைமணி நேரம் சிக்கனம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், "தமிழ்நாடு இதைச் செய்து பார்த்ததே, என்ன ஆயிற்று?" என்பது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம்.பி.விஜயகுமார் முயற்சியில், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாய் விரித்துத் தரையில் அமர்ந்த ஆசிரியர், பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவந்த கரும்பலகை, அவரவர் வேகத்தில் ஏறும் ஏணிப்படி அட்டை என்று வகுப்பறையே மாறியது. அது மாநிலத்தின் பெரிய சாதனை என்றே கருதுகிறேன். சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. ஆனால் பரவிய வேகத்தில் பல இடங்களில் அட்டையே இன்னொரு பாடநூலாகிவிட்டது. அட்டையை முடித்ததற்குக் கணக்கு இருந்தது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று நின்று கேட்க நேரம் இருக்கவில்லை. முறையைப் பழிக்க இது காரணமாகாது. பொருளை அனுப்பிவிட்டால் கற்றல் நடந்துவிடும் என்று நம்பியதே பிழை. 2023-ல் மூன்று முதல் எட்டு வயதினருக்காக ஒன்றிய அரசு வெளியிட்ட 'ஜாதுயி பிட்டாரா' விளையாட்டுப் பெட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பெட்டி தொலைந்துவிடக் கூடாதே என்று பீரோவில் வைத்துப் பூட்டினால், அது இருப்புப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும்.

ஆகவே கல்வித்துறை முதலில் செலவிட வேண்டியது ஆசிரியர்களின் நேரத்துக்காக. வாரத்தில் ஒரு பிற்பகல், அருகருகே உள்ள பள்ளிகளின் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கூடி, வரும் வாரப் பாடத்தில் எதைக் கையில் கொடுப்பது, அதை எந்தக் கட்டத்தில் பலகைக்குக் கொண்டுபோவது என்று தாங்களே விளையாடிப் பார்த்து முடிவுசெய்யட்டும். அந்தப் பிற்பகலுக்கு வேறு எந்தப் படிவமும் கணக்கெடுப்பும் அவர்கள் தலையில் ஏறாமல் துறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் பதிவேட்டைக் கேட்பதற்கு முன்பு, ஒரு பிள்ளையின் கையில் 23 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "ஐந்தைந்தாகப் பிரித்து, செய்ததை எழுதிக் காட்டு" என்று சொல்லட்டும்.