துறைமுகச் சரக்குந்து ஓட்டுநர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் கன்டெய்னர் இழுக்கும் ஓட்டுநர்களாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகிறோம். தூய காற்று எங்கள் உரிமை. கடனற்ற உழைப்பும் எங்கள் உரிமை. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்று எங்களிடம் பேரம் பேசிய காலம் முடிந்தது.

தூய்மைக்கு நாங்கள் பகைவர் அல்லர். டீசல் புகைத் துகளை நச்சு மாசு என்று கலிபோர்னியா 1998-இல் அறிவித்தது. துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டனிலும், எங்கள் வண்டிகள் ஓடும் 710 நெடுஞ்சாலை ஓரத்திலும் அந்த நஞ்சைச் சுவாசித்தவர்களில் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் உண்டு. விதிகளைத் தளர்த்தக் கோருவோர் எங்கள் வறுமையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

2008 அக்டோபரில் இரு துறைமுகங்களின் தூய சரக்குந்துத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1989-க்கு முந்தைய வண்டிகள் முதலில் தடுக்கப்பட்டன. 2012-இல், 2007-ஆம் ஆண்டு உமிழ்வுத் தரத்தை எட்டாத வண்டி எதற்கும் வாயில் திறக்கவில்லை. புகை குறைந்தது. அது மெய்யான வெற்றி. அதன் விலை எங்கள் தலையில் விழுந்தது. ஓட்டுநர்களை நிறுவனங்களே ஊழியர்களாக அமர்த்த வேண்டும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் விதித்த நிபந்தனையை 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. எஞ்சியது குத்தகைக் கொள்முதல்: நிறுவனம் தரும் வண்டிக்கு ஓட்டுநரே தவணை கட்டும் முறை. ஸ்பானியம் பேசுவோரிடம் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் நீட்டப்பட்டது. தவணை, காப்பீடு, டீசல், பழுதுச் செலவு யாவும் வாரக் கூலியில் பிடிக்கப்பட்டன; வாரமெல்லாம் ஓட்டியும் நிறுவனத்துக்கே பாக்கி வைத்தவர்கள் உண்டு. வேலை போனால் வண்டி போயிற்று. வண்டியோடு அதுவரை கட்டிய பணமும் போயிற்று.

இப்போது மின் சரக்குந்தின் முறை. அதன் விலை டீசல் வண்டியைப் போல் இரு மடங்குக்கும் மேல். மானியம் உண்டுதான், முன்பணமும் கடன் தகுதியும் உள்ளவருக்கே அது எட்டும். 2035-க்குள் உமிழ்வற்ற வண்டிகள் என்பது இரு துறைமுகங்களின் இலக்கு. அதை நாங்கள் ஏற்கிறோம். அதற்காக அடகுபோக மறுக்கிறோம்.

சரக்குக்கு உரியவரே தூய்மைக்கும் பொறுப்பு: இதுவே எங்கள் கொள்கை. 2022 ஏப்ரல் முதல் இருபதடி கன்டெய்னருக்கு 10 டாலர் வசூலித்து, துறைமுகங்களே இந்நெறியை ஒப்புக்கொண்டுவிட்டன. பெட்டி நிறையக் காலணியோ தொலைக்காட்சியோ வரும்போது 10 டாலர் எம்மாத்திரம்! நெறி சரி, தொகை அற்பம்.

வண்டி நிறுவனத்தின் முதலீடாகட்டும், உழைப்பு ஊதியமாகட்டும். வாயில் வரிசையில் காத்துக் கழியும் மணிகளுக்கும் கூலி வேண்டும். ஊழியர் தகுதியை உறுதிசெய்யும் கலிபோர்னியாச் சட்டம் 2020-இல் வந்தது; நீதிமன்றத் தடை விலகி 2022-இல்தான் அது சரக்குந்துத் துறையை எட்டியது. சொந்த வண்டி என்ற பெருமிதத்தால் அதை எதிர்த்து 2022 ஜூலையில் ஓக்லாந்துத் துறைமுகத்தை மறித்தவர்களும் எங்களவரே. அவர்களோடு வாதிடுவோம், அவர்களை விலக்கோம்.

ஓட்டுநர்களே, அடுத்த குத்தகைத் தாள் உங்கள் முன் வரும்போது தனியாகக் கையெழுத்திடாதீர்கள். எங்களிடம் கொண்டுவாருங்கள்.