கப்பல் ஏட்டில் ஒரு வரி

உங்கள் தாத்தாவின் தாத்தா பெயரைக் கேட்டால், கொஞ்சம் யோசித்தாவது சொல்லி விடுவீர்கள். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம்தான் நம்மிடம் இருக்கிறதே! ஆனால் பாட்டியின் பாட்டி? "அவள் ஆற்காட்டுப் பக்கத்துப் பெண்" என்பதோடு பேச்சு நின்று விடும். வம்சாவளி எழுதி வைக்கும் பெரியவர்கள்கூட, தகப்பனுக்குக் கீழே பிள்ளை, பிள்ளைக்குக் கீழே பேரன் என்று போவார்களே தவிர, பெண்களின் பெயரை எழுத மறந்து விடுவார்கள்.

நாம் மறந்த அப்படிப்பட்ட பாட்டிகள் பலரின் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கும் ஏடுகள் கடல் கடந்து இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஆவணக் காப்பகத்தில்!

1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நட்டால் பிரதேசத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். 1911-ல் அந்த முறை நிற்பதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய் விட்டார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஜாபிதா உண்டு. அதில் ஆளுக்கு ஒரு நம்பர். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு, பச்சைக் குத்து எல்லாவற்றையும் குமாஸ்தா எழுதிக் கொண்டார். அன்பினால் எழுதியதல்ல. ஆள் மாறிவிடக் கூடாது, தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியது.

ஆனால் நூறு ஆண்கள் போனால் நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே பெண்களுக்கும் அந்த ஏட்டில் இடம் கிடைத்தது. கணவனோடு போனவள், கைம்பெண், துணையில்லாமல் தனியே கப்பல் ஏறியவள், எல்லோருக்கும் தனித்தனி வரி, தனித்தனி நம்பர். சொந்த ஊரில் எந்தச் சர்க்கார் தஸ்தாவேஜிலும் ஏறியிராத ஏழைப் பெண்ணின் பெயர், தகப்பன் பெயரோடும் கிராமத்தோடும் அங்கே ஏறிவிட்டது.

இன்று அவர்களுடைய கொள்ளுப் பேத்திகள் பூர்விகம் தேடும்போது முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான். பழைய விவாகப் பதிவிலோ, ஒப்பந்தம் முடிந்ததற்கான சீட்டிலோ அது கிடைத்து விட்டால், கப்பலின் பெயரும் வந்து சேர்ந்த நாளும் கிராமமும் ஒரே வரியில் அகப்பட்டு விடும். நம்பர் இல்லாவிட்டால் சிரமந்தான். கவுண்டர் அங்கே 'கோவெண்டர்' ஆகிவிட்டார். முதலி 'மூட்லி' ஆகிவிட்டார்!

ஊர்ப் பெயர் பட்ட பாடு இன்னும் மோசம். காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதப்பட்ட பெயர் எந்தப் பட்டிக்கும் எந்தப் பாளையத்துக்கும் சரியாகப் பொருந்தாமல் விழிக்கும். இந்த இடத்தில்தான் காப்பகத்துக்குச் சக்தி போதாது. எழுத்தை ஒதுக்கிவிட்டு, பெயரை வாய்விட்டு உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தத் தாலூகாவில் பிறந்து வளர்ந்த கிழவி ஒருத்தி, "அட, அது எங்கள் பக்கத்து ஊராச்சே!" என்று சொல்லி விடுவாள். குலதெய்வத்தின் பெயரும் தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அந்த ஏட்டில் கட்டம் இல்லை.

ஆகையால் வெளிநாட்டிலிருந்து யாராவது துண்டுக் காகிதத்தோடு உங்கள் ஊரைத் தேடி வந்தால், "தெரியாது" என்று அனுப்பி விடாதீர்கள். உட்கார வைத்து, வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

கப்பல் ஏறாத நம் பாட்டிகளுக்குத்தான் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. மாமியாரிடம் அவருடைய தாயார் பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர், குலதெய்வம் நான்கையும் கேட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி வையுங்கள். உங்கள் தாயார் வழியையும் மறந்து விடாதீர்கள்!