அம்மாவும் கிளம்பட்டும்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டோடு இருக்கிறார்கள். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு செல்போன். "எழுந்து வெளியே போய் விளையாடேன்டா" என்ற குரல் கேட்காத வீடு இருக்காது. சொல்கிறவரும் சோபாவில் சாய்ந்தபடிதான் சொல்கிறார் என்பது வேறு விஷயம்!

நம் வீடுகளில் உடற்பயிற்சி பெரும்பாலும் அவரவர் தனிக் கணக்காகவே இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் அப்பா ஷூ மாட்டுவார். மகன் ஜிம்முக்குப் பணம் கட்டுவான். மகளை ஷட்டில் கோச்சிங்கில் விட்டவர், அது முடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். தாத்தாவுக்குத் தெருமுனை வரை நடை. அம்மாவைக் கேட்டால், "நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறேனே, அது போதாதா?" என்பார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டு வேலையையும் உடலுழைப்பில் சேர்த்துத்தான் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். மிதமானது என்றால் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆனால் அடுப்புக்கு முன்னால் நின்றே காலையைக் கழிப்பதில் கால்தான் கடுக்கும். அப்படி மூச்சு வாங்காது.

காலை ஆறு மணிக்கு அப்பா பூங்காவில் கைவீசி நடக்கும்போது, அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். அந்த நடைக்கான நேரத்தைக் கொடுப்பதே அவர்தான். அதனால் குடும்பமாகச் சேர்ந்து நடக்க நினைப்பவர்கள் முதலில் வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறுவது, வீட்டைப் பெருக்கித் துடைப்பது, தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது எல்லாமே உடம்புக்கு வேலைதான். நாலு பேர் கை வைத்தால் சீக்கிரம் முடியும். வெயில் தாழ்ந்ததும் ஐந்து பேரும் கிளம்பலாம்.

"ஒவ்வொருத்தர் வேகம் ஒவ்வொரு மாதிரி, ஒத்துவராதே" என்பீர்கள். சின்னதுகளைக் கவனியுங்கள். அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓடும், தொட்டுவிட்டுத் திரும்பி வரும், மறுபடி ஓடும். நீங்கள் ஒரு மடங்கு நடந்தால் அது மூன்று மடங்கு ஓடியிருக்கும். தாத்தா நடுவே திண்ணை கண்டு உட்காரட்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பக்கத்துக் கடைக்கே வண்டி எடுப்பவர்கள்கூட, பேச்சுத்துணை இருந்தால் அதைச் சுற்றி வந்துவிடுகிறார்கள். குழந்தை தோளில் ஏறும், பாட்டி நின்று நின்று வருவார். யாரும் குறை சொல்வதில்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்வு செய்யப்பட்டிருக்கிறது. அது தூரம் என்றால் பள்ளி மைதானம், கண்மாய்க்கரை, மொட்டை மாடி எதுவும் போதும். நடக்க அலுத்தால் ஒரு கயிறு, ஒரு பந்து. பள்ளி நாட்களில் கோ-கோவில் கலக்கிய அம்மாக்கள் நம் வாசகியரில் எத்தனை பேர்! உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? மூட்டுவலி, இதயச் சிக்கல் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமலிருக்க, சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் செய்வது நல்லது.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் யார் எந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள், எங்கே நடந்தீர்கள், என்ன விளையாடினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். கடிதத்தை அம்மாவே எழுதினால் இரட்டிப்பு மகிழ்ச்சி. உட்கார்ந்து கடிதம் எழுத அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்றால், வேலையை நீங்கள் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டீர்கள் என்றுதானே அர்த்தம்!

அன்புடன்,
ஆசிரியர்