முந்திரிகைப் பந்தலும் படிவத்தில் ஒரு வரியும்



சென்ற குளிர்காலத்தில் மல்கிரேவிலிருந்து எங்கள் தொழிற்சாலை நண்பர்கள் சிலர் தெற்கு கிப்ஸ்லாந்துப் பக்கம் போனோம். நண்பர் ஒருவரின் அப்பாவும் வந்தார். உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். லியன்காதாவுக்குக் கிட்ட காரை நிறுத்தச் சொல்லி, வேலியோரம் நின்று இலையுதிர்ந்த கொடிகளைப் பார்த்தார். "கொப்பு வெட்டினவன் வேலை தெரிஞ்சவன்" என்றார்.

அந்தப் பகுதியில்தான் பாஸ் பிலிப் என்ற சிறிய தோட்டம் இருக்கிறது. பிலிப் ஜோன்ஸ் என்ற தொலைத்தொடர்புப் பொறியியலாளர் 1979இல் தொடங்கியது. 2020இல் பிரான்ஸ் நாட்டு வைன்காரர் ஒருவர் தலைமையிலான குழுவின் கைக்கு மாறியது. பினோ நுவார் என்ற கறுத்த முந்திரிகையின் சிவப்பு வைனுக்குப் பெயர்போனது. கொடிகளை மிக நெருக்கமாக நட்டார். ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 9,000. அப்படி நட்டால் ஒரு கொடியில் சில குலைகள்தான் விடுவார்கள், சுவை கூடும். செயற்கை உரமும் களைநாசினியும் இல்லை. பழத்தைக் கையால் ஆய்கிறார்கள்.

கறுத்தப் பழமென்றாலும் சாறு வெளிறியதுதான். நிறம் தோலில் இருக்கிறது. அதனால் தோலோடு சேர்த்தே புளிக்க விடுவார்கள். தோல் மேலே மிதந்து வரும். அதை நாள்தோறும் மெதுவாக அமுக்க வேண்டும். சூடு மிஞ்சினால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு ஓக் பீப்பாயில் மாதக்கணக்காகக் காத்திருப்பு.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு உரமும் எரிபொருளும் தடைப்பட்டபோது, எங்கள் அப்பாமார் மாட்டெருவும் குழையும் தாட்டுத்தான் தோட்டம் செய்தார்கள். அவர்கள் வழியில்லாமல் செய்ததை இங்கே விரும்பிச் செய்கிறார்கள். அப்படி வந்த போத்தல்களில் சில நூற்றுக்கணக்கான டொலருக்குப் போகின்றன.

வந்த புதிதில் அந்த அப்பாவின் படிவத்தை நாங்கள்தான் நிரப்பினோம். தெரிந்த தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினோம். அவரும் பேசாமல் கையெழுத்து வைத்தார். அன்று திரும்பி வரும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரின் பந்தலுக்கு அவர்தான் கொப்பு வெட்டுகிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை; கத்தரிக்கோல் போதுமாக இருக்கிறது.

உறவுகளே, உங்கள் வீட்டிலும் ஒரு படிவம் இருக்கும். அப்பா, அம்மாவிடம் கேட்டு அந்த வரியை நிரப்புங்கள். தோட்டமும் ஒரு தொழில்தான்.