ஹெட் கஸ்கட் போனால் என்ஜின் போனதாகாது



தையல் மெசின், சைக்கிள், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றை வீட்டிலேயே திருத்துவது பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை பார்த்தோம். இம்முறை சற்றுப் பெரிய வேலை. லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரத்தின் ஹெட் கஸ்கட்டை மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். "அது ஆம்பிளைகள் செய்யும் வேலை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் முழுவதையும் வாசியுங்கள்.

கரடியனாற்றிலும் அதைச் சுற்றியுள்ள படுவான்கரைக் கிராமங்களிலும் வயலை உழுவது லாண்ட்மாஸ்டர்தான். பெட்டியைப் பூட்டினால் நெல் மூட்டை, விறகு, கல், மணல் எல்லாம் அதில்தான் வரும். அவசரத்துக்கு நோயாளியைச் செங்கலடி வரை கொண்டுபோவதும் அதுதான். யுத்தத்தில் கணவரை இழந்த, அல்லது காணாமற்போன கணவருக்காக இன்னும் காத்திருக்கும் பல பெண்களிடம் மிஞ்சியுள்ள ஒரே பெரிய சொத்தும் அதுவே. மாரி உழவு தொடங்கும் நேரத்தில் அது நின்றுவிட்டால் அந்தப் போகமே போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான், "என்ஜின் முடிஞ்சுது, பழைய இரும்பு விலைக்குத் தாங்க" என்று வாசலுக்கு ஆள் வருகிறது. அந்தச் சொல்லை நம்பி விற்பதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு.

ஹெட் கஸ்கட் என்றால் என்ன?

என்ஜினின் உடலில் சிலிண்டர் இருக்கிறது. அதன் வாயை மூடும் பகுதியைத் தலை, அதாவது ஹெட் என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கஸ்கட். சிலிண்டருக்குள் டீசல் எரிகிறது. அந்த எரிவாயு வெளியேறாமலும், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகாமலும், ஒயிலும் தண்ணீரும் கலக்காமலும் காப்பது இந்தத் தகடு. இட்டலிப் பானை மூடிக்கும் பானைக்கும் இடையில் சுற்றும் ஈரத்துணியை நினைத்துக்கொள்ளுங்கள். துணி விலகினால் ஆவி அந்த இடத்தால் போகும், இட்டலி வேகாது. பானையில் பிழை இல்லை.

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் தலை சற்று வளையும். அப்போது கஸ்கட் ஒரு இடத்தில் எரிந்து வழி விடும். என்ஜின் விலையோடு பார்த்தால் கஸ்கட்டின் விலை மிகச் சிறியது.

அறிகுறிகள்

வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைவது, வெள்ளைப் புகை விடாமல் வருவது, ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவது, கைபிடியால் சுற்றும்போது வழக்கமான இறுக்கம் இல்லாமல் இலேசாகச் சுற்றுவது, தலையும் உடலும் சேரும் இடத்தில் ஈரம் கசிவது ஆகியன முக்கியமானவை.

தண்ணீர்த் தொட்டியில் குமிழி வருவதும் ஒரு அறிகுறி. ஆனால் திறந்த தொட்டி உள்ள என்ஜினில் வேலை செய்யும்போது தண்ணீர் கொதிப்பது இயல்பு. ஆகவே காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து உடனே தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே குமிழி வந்தால் அது எரிவாயு. கஸ்கட் போயிருக்கலாம், அல்லது தலையில் வெடிப்பு இருக்கலாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

நடந்த கதை ஒன்று

எங்கள் பக்கத்துச் சகோதரி ஒருவர் 2007இல் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, துருப்பிடித்துக் கிடந்த லாண்ட்மாஸ்டரைச் சீராக்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். போன வருடம் உழவுக்கு முன் அது சூடாகி நின்றது. ஒரு கராஜில் காட்டியபோது தலையைக் கழற்றாமலே முழு என்ஜினையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர் விற்க முடிவு செய்துவிட்டார்.

"ஏன்கா விக்கப் போறாய்? காலைல ஸ்டார்ட் பண்ணித் தொட்டியப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கென்னகா தெரியும்? அவர் இருந்திருந்தா பாத்திருப்பார்" என்றார்.

நானும் அப்படி இருந்தவள்தான். 1990களில் பொருளாதாரத் தடையால் டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எதையும் கறுத்தப்பாலத்தைத் தாண்டி இங்கே கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. எதையும் வீட்டு முற்றத்தில்தான் திருத்த வேண்டும். கணவர் வேலை செய்ய நான் விளக்குப் பிடிப்பேன். பிடித்த விளக்கில் பார்த்ததுதான் என் படிப்பு. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் நேரம் தப்பி எரிந்து என்ஜினைத் தட்டும். அந்தத் தட்டலும் சூடும் ஹெட் கஸ்கட்டுக்குக் கூடாது. எத்தனையோ வீடுகளில் கஸ்கட் மாற்றுவது சாதாரண வேலையாகிவிட்டது.

அந்தச் சகோதரியும், அவருடைய மகளும், நானும் இரண்டு நாளில் வேலையை முடித்தோம். செய்த முறையைக் கீழே தருகிறேன்.

கழற்றும் முறை

முதல் நாள் இரவே என்ஜினை நிறுத்தி முற்றாகக் குளிர விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தலை வெடிக்கும்.

நிழலான இடத்தில் படங்கு விரியுங்கள். டீசல் திறப்பை மூடித் தண்ணீரை வடியுங்கள். சைலன்சர், காற்று வடி, டீசல் குழாய் ஆகியவற்றைக் கழற்றி, திறந்த துவாரம் ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் கட்டுங்கள். டீசல் பீச்சும் இன்ஜெக்டர் முனைக்கு நேரே ஒருபோதும் கையைப் பிடிக்க வேண்டாம். அந்த அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வால்வு மூடியையும் அதன் கீழுள்ள தட்டும் கைகளையும் கழற்றியதும் இரண்டு நீண்ட கம்பிகள் வரும். ஒரு மட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, எது எந்தப் பக்கம் என்று எழுதி, அதில் செருகி வையுங்கள். கழற்றும் நட்டுகளைச் சிரட்டைகளில் இட்டு வரிசையாக வைத்தால் பூட்டும்போது குழப்பம் வராது.

தலையின் நட்டுகளை மூலைக்கு மூலை மாறி மாறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக இளக்குங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றி மற்றதுக்குப் போனால் தலை வளையும். தலை பாரமானது, இருவர் சேர்ந்து நேராக இழுக்க வேண்டும். தலை கழன்ற பின் கைபிடியால் சுற்ற வேண்டாம். சிலிண்டரின் உள்குழாய் அசைந்தால் தண்ணீர் கீழே ஒயிலுக்குள் இறங்கும்.

பழைய கஸ்கட் சொல்வது

பழைய கஸ்கட்டை எறியாதீர்கள். வட்ட விளிம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புத் தடம் போயிருந்தால் எரிவாயு போன வழி அதுதான். அந்தச் சகோதரியின் வண்டியில் தண்ணீர்த் துவாரம் வரை அப்படி ஒரு தடம் இருந்தது. "இவ்வளவுதானா?" என்று அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைக்கும் அதையே கொண்டுபோங்கள். துவாரங்களும் தடிப்பும் ஒத்துவர வேண்டும்.

ஒட்டியிருக்கும் மிச்சத்தைச் சுரண்டும்போது கவனம் தேவை. பழைய கஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே காய்ந்தபடி உரசாமல் ஈரமாக்கிச் சுரண்டுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். சிலிண்டருக்குள் துணி வைத்து அடையுங்கள். மேற்பரப்பில் கீறல் விழக் கூடாது.

அடுத்ததாக, தலை வளைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நேரான உருக்கு அடிமட்டத்தை நீளமாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளைச் செருகிப் பாருங்கள். சிறிய என்ஜின்களில் ஒரு தலைமயிர் அளவு வளைவே பிழைதான். எல்லை எவ்வளவு என்பது கைநூலில் இருக்கும். அதற்கு மேல் வளைந்திருந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ வீட்டு வேலை அத்தோடு சரி. தலையை மட்டும் லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். சிறிய வளைவைச் சீவிச் சமன் செய்து தருவார்கள்.

பூட்டும் முறை

புதுக் கஸ்கட்டே போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போடுவதும் மட்டையில் வெட்டிப் போடுவதும் நிற்காது. மேல்பக்கம் எது என்று குறி இருந்தால் பாருங்கள். கைநூல் சொன்னாலன்றிப் பசை பூச வேண்டாம். நட்டு ஓடும் புரிகளைச் சுத்தம் செய்யுங்கள்.

நட்டுகளை மீண்டும் மூலைக்கு மூலையாக, மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதுதான் இந்த வேலையின் உயிர். "பலமா இறுக்கினாச் சரி" என்பார்கள், அது சரியில்லை. கூடினால் புரி அறுந்துவிடும், குறைந்தால் மறுபடி ஒழுகும். இறுக்கத்தைக் காட்டும் டோர்க் ஸ்பனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மீன் நிறுக்கும் வில்தராசு போதும். கைநூலில் 8 கிலோகிராம்-மீற்றர் என்று இருக்கிறது என்று வைப்போம். நட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீற்றர் தூரத்தில் ஸ்பனர் பிடியில் தராசைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 16 கிலோ காட்டும்போது நிறுத்துங்கள். அரை மீற்றரை 16ஆல் பெருக்கினால் 8. சந்தையில் தராசு பிடித்துப் பழகிய எவருக்கும் இது கடினமில்லை. அன்று இழுத்தது பாடசாலை செல்லும் மகள்தான்.

பின்பு கம்பிகளை அவற்றின் இடத்தில் வைத்து, வால்வு இடைவெளியைக் கைநூல்படி சரிசெய்து, ஒயிலை மாற்றி, தண்ணீர் நிரப்பி, டீசல் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வராவிட்டால் வேலை வெற்றி. சில மணித்தியாலம் ஓடிய பின் மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தால், குளிர்ந்த பின் இறுக்கி, வால்வு இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

ஏன் சூடானது?

காரணத்தைத் தேடாமல் கஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த போகத்திலும் அதே கதை வரும். ரேடியேற்றர் இடுக்கில் வைக்கோலும் சேறும் அடைத்திருக்கலாம், பட்டி தளர்ந்திருக்கலாம், உவர்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்திருக்கலாம். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது. தினமும் ஓட்டுவதற்கு முன் தண்ணீர் பாருங்கள். அந்தச் சகோதரியின் ரேடியேற்றரில் இரண்டு கைபிடி வைக்கோல் வந்தது.

கடைசியாக ஒரு யோசனை

பின்னாளில் மகாராணியான எலிசபெத், 1945இல் யுத்தத்தின்போது பிரித்தானியப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, வாகனம் ஓட்டவும் திருத்தவும் பயிற்சி பெற்றார். அரண்மனைப் பெண்ணுக்கு வெட்கமில்லாத வேலை நமக்கும் வெட்கமில்லை.

டோர்க் ஸ்பனர், சொக்கட் தொகுதி, இடைவெளித் தகடுகள் ஆகியவற்றை ஒருவர் தனியே வாங்குவது கடினம். மாதர் சங்கம் ஒன்று சேர்ந்து வாங்கி, பதிவேட்டில் எழுதி, முறை வைத்துக் கொடுக்கலாம். நமது கரடியனாற்றிலேயே விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இயந்திரப் பராமரிப்பை எங்களுக்கும் கற்றுத் தாருங்கள் என்று சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய விருப்பமில்லாவிட்டாலும் பரவாயில்லை. கராஜுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தலையைக் கழற்றிப் பார்த்தீர்களா? பழைய கஸ்கட்டைக் காட்டுவீர்களா? வளைவு எவ்வளவு என்று அளந்தீர்களா? இதைக் கேட்கும் பெண்ணிடம் பொய்க்கணக்குச் சொல்ல எவரும் யோசிப்பார்கள்.

அந்தச் சகோதரி மாரி உழவைத் தன் வண்டியாலேயே முடித்தார். பக்கத்து வட்டையில் இரண்டு பேருக்குக் கூலிக்கும் உழுதார்.

அடுத்த இதழில் மண்ணெண்ணெய்ப் பம்பின் காபரேற்றரைச் சுத்தம் செய்வது பற்றிப் பார்ப்போம். உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள்.