ஜம்போ விடைபெறுகிறது, மாற்று விமானம்தான் வந்துசேரவில்லை

எஸ்ஐஏ எனப்படும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பயணிகளை ஏற்றிய தனது கடைசி போயிங் 747 சேவையை 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி நடத்தியது. சாங்கியிலிருந்து ஹாங்காங் சென்று திரும்பிய அந்தப் பயணத்தோடு, 1973ல் தொடங்கிய ஓர் அத்தியாயம் முடிந்தது. இரட்டை இயந்திர 777-300இஆர் விமானங்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

இரண்டு இயந்திரங்களுடன் பெருங்கடலைக் கடப்பதை விமானத் துறை ஒருகாலத்தில் ஏற்கவில்லை. ஓர் இயந்திரம் நின்றுபோனால் 60 நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. 1985ல் அமெரிக்கா அந்த வரம்பை 120 நிமிடங்களாக உயர்த்தியது. சில ஆண்டுகளில் அது 180 ஆனது. ஏ350 ரகத்திற்கு 2014ல் 370 நிமிடங்கள் வரை அனுமதி கிடைத்தது. அதன்பின் நான்கு இயந்திரங்களுக்கு எரிபொருள் நிரப்பி, நான்கையும் பழுதுபார்க்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் இல்லாமல் போனது.

சிங்கப்பூருக்கும் அமெரிக்காவின் நூவர்க் நகருக்கும் இடையிலான இடைநில்லாச் சேவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004ல் அதைத் தொடங்கியது நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500. அதன் தொட்டிகளில் 200,000 லிட்டருக்கும் மேல் எரிபொருள் பிடிக்கும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் 2013 நவம்பரில் சேவை நின்றது. 2018 அக்டோபரில் அதே தடத்தில் ஏ350-900யுஎல்ஆர் பறக்கத் தொடங்கியது. இயந்திரம் இரண்டு, எரிபொருள் 165,000 லிட்டர். ஆனால் அதன் 161 இருக்கைகளில் சாதாரண எக்கானமி வகுப்பு ஒன்றுகூட இல்லை. சிக்கனமான விமானம் என்றால் சிக்கனமான கட்டணம் என்று பொருளல்ல.

ஏ380 கதை வேறு. 2007 அக்டோபர் 25ல் உலகில் முதன்முதலாக அந்த விமானத்தில் பயணிகளை ஏற்றி சிட்னிக்குப் பறந்தது எஸ்ஐஏதான். மொத்தம் 24 ஏ380 விமானங்களைப் பயன்படுத்திய நிறுவனம் இன்று 12ஐ மட்டுமே வைத்திருக்கிறது. முதலில் வந்தவற்றில் இரண்டு, பத்தாண்டு மட்டுமே பறந்த நிலையில், பிரான்சில் பிரித்து உதிரிப்பாகங்களாக விற்கப்பட்டன. எஞ்சியவை தப்பியதற்குக் காரணம் லண்டன் ஹீத்ரோ போன்ற நெரிசல் மிகுந்த நிலையங்கள். அங்கே கூடுதலாகத் தரையிறங்க நேர ஒதுக்கீடு கிடைப்பது அரிது. ஒரே இறக்கத்தில் 471 பேரைக் கொண்டுசேர்க்கும் விமானத்தை, 264 பேரை ஏற்றும் 777-300இஆர் ஈடுசெய்ய முடியாது. அதே ஏ380 பாதி காலியாகப் பறந்தால் பெரும் நட்டம்.

இப்போதைய சிக்கல், மாற்று விமானங்கள் குறித்த நேரத்தில் வராததுதான். எஸ்ஐஏ 31 போயிங் 777-9 விமானங்களுக்காகக் காத்திருக்கிறது. 2020ல் சேவைக்கு வந்திருக்க வேண்டிய இந்த ரகம், 2027ல்தான் முதல் வாடிக்கையாளர் கைக்கே போகும் என்று போயிங் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதுவரை பழைய விமானங்களையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டும். இருக்கைகள் பெருகாத வரை, பள்ளி விடுமுறைக் காலக் கட்டணம் இறங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. புதிய இயந்திரங்களும் தொல்லையற்றவை அல்ல. 2019 ஏப்ரலில், இயந்திரத் தகடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேய்ந்ததால் எஸ்ஐஏ தனது இரண்டு 787-10 விமானங்களைத் தரையில் நிறுத்தியது.

பயணிகளுக்கு விடைகொடுத்த பின்னரும், ஜம்போ எஸ்ஐஏயின் சரக்குச் சேவையில் நீடித்தது. ஏழு 747-400 சரக்கு விமானங்களுக்குப் பதிலாக ஏழு ஏ350எஃப் வாங்க 2021 டிசம்பரில் முடிவானது. எரிபொருள் 40 விழுக்காடு வரை மிச்சமாகும் என்றது நிறுவனம். 2025ல் வரவேண்டிய அவையும் 2027ன் பிற்பாதிக்குத் தள்ளிப்போயின. வந்தாலும் ஒரு குறை இருக்கும். ஜம்போவின் மூக்கு அப்படியே மேலே திறக்கும். நீளமான குழாய்களையும் இயந்திரப் பாகங்களையும் முன்பக்கமாக நேரே உள்ளே தள்ளலாம். ஏ350எஃப் விமானத்தில் பக்கவாட்டுக் கதவுதான்.